முன்பல் பன்னிரண்டு, பின்பல் நாற்பது

அத்தியாயம் 6

மேனேஜர் கதிரவன் குற்றத்தைக் கிலோமீட்டரில் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனியில இருந்து லாரி குடோனுக்கு மூணு கிலோமீட்டர் மேடம். போக வர ஆறு. தினமும் நாலு நடை. ஆறு நாலு இருபத்திநாலு. ஆனா மீட்டர் முப்பத்திரண்டு காட்டுது. மிச்சம் எட்டு. குடோன்ல இருந்து அந்தக் கள்ளச் செட்டுக்கு நாலு. போக நாலு, வர நாலு."

எட்டு சரியாக வந்ததில் அவருக்கே ஒரு திருப்தி. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பைரோஜா அந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். வண்டி ஓட்டும் இசைவாணி தினமும் சாயங்காலம் மீட்டரைப் பார்த்து எழுதி வைக்கும் நோட்டு, ஆவணியில் புதிதாகத் தொடங்கியது. முந்தின நாள் எண்ணைக் கழித்தால் அன்றைய ஓட்டம் தெரியும். எல்லா நாளும் முப்பத்திரண்டு. திங்கட்கிழமைகளில் மட்டும் நாற்பத்தெட்டு. அது ஏன் என்று கேட்டாள்.

"அன்னைக்கு மூணு தடவை போயிருக்கா. எட்டு மூணு இருபத்திநாலு. கூட்டிப் பாருங்க, அதுவும் சரியா வரும்."

கூட்டிப் பார்த்தாள். வந்தது.

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே, மயில்கழுத்து பயர் ஒர்க்ஸின் ஆபீஸ் அறை. காலை பத்தரை மணி. மூன்று நாளைக்கு முன்னால் அச்சங்குளத்தைத் தாண்டி ஒரு தகரச் செட்டுக்குள் போலீஸ் நுழைந்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் வெடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் பின்பக்கமாக ஓடிவிட்டார்கள். ஓடத் தெரியாமல் நின்றது பன்னிரண்டு மூட்டை மருந்து. இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் குடிப்பது இல்லை, வெடிப்பது. ஒவ்வொரு மூட்டையிலும் மயில்கழுத்து கம்பெனியின் முத்திரை இருந்தது.

யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்று கம்பெனி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் லைசென்ஸ் போகும். தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. முந்நூறு பேர் வேலை பார்க்கிற இடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். இசைவாணியின் பேரைப் போட்டு டைப் செய்த புகார் மேசைமேல் தயாராக இருந்தது. முதலாளி தங்கப்பாண்டியன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

தங்கப்பாண்டியனுக்கு அறுபத்திரண்டு வயது. எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பாதி விஷயங்கள் தாமாகத் தீர்ந்துவிடும் என்பது அவருடைய நாற்பது வருட அனுபவம். மூன்று நாளாகத் துடைக்கிறார், இது தீரவில்லை. அதனால்தான் விருதுநகருக்கு ஆள் அனுப்பினார்.

விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டிக்கு மேல்மாடியில் பைரோஜாவின் ஆபீஸ். இன்சூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தீப்பிடித்த இடங்களாகப் பார்த்துச் சலித்து, தனியாகத் துப்பறிய வந்தவள். கீழேயிருந்து வரும் நெடியில் அவளைப் பார்க்க வருகிற எல்லோருமே கண்ணீரோடுதான் படியேறுவார்கள். அதில் நிஜமாக அழுகிறவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் ஒவ்வொரு வழக்கிலும் அவளுக்கு முதல் வேலை. அவளுடைய உதவியாளன் எழில், முப்பத்துநாலு வயது. சிவகாசியில் காலண்டருக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவன். பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டதில் அந்த வேலை போய்விட்டது.

"கண்டுபிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் தங்கப்பாண்டியன். "வெளியாள் ஒருத்தர் பாத்துச் சரின்னு எழுதிக் குடுத்துட்டா, எனக்கு மனசு ஒரு நிலைக்கு வரும்."

எழில் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துக் கையில் எடைபோட்டுக்கொண்டிருந்தான். சின்னச் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமான இரும்பு. பச்சைப் பெயின்ட் அடித்து, நடுவில் பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது. பிள்ளையாரைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி விளிம்பெல்லாம் கூர்கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் காற்றாடிக் காற்றில் புகார்க் காகிதம் எழும்பியது. கதிரவன் இரண்டு கையாலும் பாய்ந்து அமுக்கினார்.

"முப்பத்தஞ்சு," என்றான் எழில், விளிம்பை எண்ணி முடித்து. "அதுல ஒண்ணு மூளி. சரி, பிள்ளையாருக்கு ஒரு கொம்பு உடைஞ்சதுதானே."

பைரோஜா அவனைப் பார்த்தாள். பேப்பர் வெயிட் இருந்த இடத்துக்குத் திரும்பியது. இந்த வண்டியில் சமீபத்தில் ஏதாவது ரிப்பேர் உண்டா என்று கதிரவனைக் கேட்டாள். தனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றார் அவர். தான் பி.காம். என்றும், வீட்டு ஸ்கூட்டருக்குக் காற்றடிப்பதே மனைவிதான் என்றும் சொன்னார்.

வண்டி கேட்டோரத்துப் பேக்கிங் செட்டின் நிழலில் நின்றது. மருந்து அறைகள் பக்கம் செருப்பு போட்ட கால்கூடப் போகக் கூடாது என்பதால் அதற்கு அங்கேதான் இடம். பேரன் ஆசைப்பட்டான் என்று தங்கப்பாண்டியன் வாங்கிக் கொடுத்த நாலு சக்கர பைக். பில்லில் ஏ.டி.வி. என்று போட்டிருக்கும். பேரன் ஒரு வாரம் ஓட்டினான், எட்டாம் நாள் வேப்பமரத்தில் மோதினான், பிறகு படிக்கிறேன் என்று சென்னைக்குப் போய்விட்டான். சும்மா நின்ற வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லரைக் கோத்து, வெடிப் பெட்டிகளைக் குடோனுக்கு இழுக்க வைத்தார்கள். காலைப் பரப்பிக்கொண்டு நிற்பதால் அதற்கு நண்டு என்று பெயர்.

யார் ஓட்டுவீர்கள் என்று முதலாளி கேட்ட அன்றைக்கு, முதலாளி வீட்டு வண்டியில் கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஆண்கள் நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். மருந்து அறையிலிருந்து இசைவாணி கை தூக்கினாள். இரண்டு வருடம் ஆகிறது.

இப்போது அவள் ஈரத்துணியால் நண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போயிருவாகளாம்ல. துடைச்சு வச்சிட்டாவது போவோம்னுதான்."

பைரோஜா டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்தாள். குடோன் பாதையைப் பற்றிக் கேட்டாள். நல்ல சரளை ரோடு, முதலாளி போட்டது, மழைக்கும் ஒன்றும் ஆகாது என்றாள் இசைவாணி. அந்தத் தகரச் செட்டுக்கு வேறு வழி உண்டா என்று பைரோஜா கேட்டாள். கம்பெனிப் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் போனால் ஆறு கிலோமீட்டர். ஆனால் கரிசல். ஒரு தூறல் விழுந்தாலும் டிரெய்லர் புதைந்துவிடும், யாரும் போகமாட்டார்கள்.

"வண்டி எப்பிடி? பழைய மாதிரித்தான் இருக்கா?"

இசைவாணி துடைப்பதை நிறுத்தினாள். முதல் தடவையாக ஒருவர் வண்டியைப் பற்றி அவளிடம் கேட்கிறார்.

"ஆடிக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை சர்வீஸுக்குப் போச்சுக்கா. சனிக்கிழமை சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போனேன், திங்கக்கிழமை வந்தா வண்டி வேற மாதிரி இருக்கு. இழுவை அம்புட்டு நல்லா இருக்கு. ஓட்டந்தான் இல்லை. மீட்டர்ல இருபது காட்டுது, ஆனா பால்காரரு சைக்கிள்ல முந்திட்டுப் போறாரு."

யார் சர்வீஸுக்குக் கொண்டுபோனது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆபீஸில் கேட்டதற்கு, கொடுத்த வண்டியை ஓட்டு என்று மட்டும் பதில் வந்ததாம்.

"நான் எட்டு வருசம் மருந்து அறையில இருந்தவ," என்றாள் இசைவாணி. "அந்தத் தகரச் செட்டுல உக்காந்து கட்டுனவுக பூரா எங்க ஊர்க்காரக. ஒரு பொறி விழுந்திருந்தா அம்புட்டுப் பேரும் போயிருப்பாக. அங்கன மருந்து கொண்டு போனவ நான்னு சொல்றாக பாருங்க, அதான்கா தாங்க முடியலை. ஜெயிலக்கூட விடுங்க."

சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். விருதுநகர் மண்டிக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மிளகாய் நெடி ஒரு துளி இல்லாத இடத்தில், அவள் கண்ணில் நீர் இருந்தது. பைரோஜாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் கண்ணீரை இன்ஸ்பெக்டரிடம் காட்ட முடியாது.

எழில் நண்டின் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒரு ஸ்பேனர், போன ஆயுத பூஜையின் காய்ந்த எலுமிச்சம்பழம், நாலாக மடித்த ஒரு தாள். தாளின் ஒரு பக்கத்தில் அச்சு: முத்துச்சிரிப்பு பல் மருத்துவமனை, திருத்தங்கல். மறுபக்கத்தில் பேனாவால் மூன்று வரி.

முன்பல் 12. பின்பல் 40. பழசு கையில் குடுத்தாச்சு. 9.8.

எழில் இரண்டு முறை படித்தான். "மனுசனுக்கு முப்பத்திரண்டுதானேக்கா. இதுல அம்பத்திரண்டு வருது. எடுத்தது போக மிச்சமா, இல்லை எடுத்ததே இம்புட்டா?"

"ஆகஸ்ட் ஒன்பது என்ன கிழமை?"

காலண்டர் போட்டவன் யோசிக்காமல் சொன்னான். "ஞாயிறு."

"வண்டி சர்வீஸுக்குப் போன கிழமை. ஸ்கூட்டரை எடு."

திருத்தங்கல் போய்ச் சேர மணி ஒன்று ஆகிவிட்டது. பல் டாக்டர் ஹரிஷ்குமார் இளவயதுக்காரர். பல் வலிக்கு வருகிறவர்களிடம் சிரித்துப் பேச வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார், அதனால் எழிலைப் பார்த்ததும் சிரித்தார். தனக்கு வலி இல்லை, ஒரு நோயாளியைத் தேடுகிறோம், ஐம்பத்திரண்டு பல் உள்ளவர் என்று எழில் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். தான் பார்த்த வாயில் அதிகபட்சம் முப்பத்துமூன்று என்றார் டாக்டர். அதற்கே போட்டோ எடுத்து வைத்திருக்கிறாராம்.

பைரோஜா தாளை நீட்டினாள். டாக்டரின் சிரிப்பு நின்றது.

"இது எங்கே கிடைச்சது?"

பேனாவில் எழுதியதை அவர் பார்க்கவே இல்லை. அச்சடித்த பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வரியை விரலால் மறைத்துக்கொண்டார். பைரோஜா மெல்ல விரலை நகர்த்திப் படித்தாள். 'இங்கு வலியில் பல் எடுக்கப்படும்.'

'வலியில்லாமல்' என்று இருக்க வேண்டியது. அச்சுக் கோத்தவர் பாதியில் டீ குடிக்கப் போயிருக்கிறார். இரண்டாயிரம் தாள் அடித்த பிறகுதான் டாக்டர் பார்த்தார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். ஆனால் இது அச்சகங்களின் ஊர். இங்கே தப்பாக அடித்த தாள் சாவதில்லை. எடைக்குப் போய், வடை மடிக்க, சாம்பிராணி கட்ட, கணக்குப் பார்க்க என்று வேறு வேறு பிறவி எடுக்கும். டாக்டரே போன மாதம் தன் சொந்த விளம்பரத்தில் மடித்த பஜ்ஜி வாங்கியிருக்கிறார்.

இதன் பின்பக்கத்தில் எழுதுவது யார் என்று பைரோஜா கேட்டாள்.

"செயின் கடைக்காரர். ரயில்வே கேட் பக்கம். ரெண்டு கட்டு அவர்ட்ட இருக்கு. காசு குடுத்துத் திருப்பி வாங்கிக்கிறேன்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன், தரமாட்டேங்கிறார். எழுத வழுவழுன்னு நல்லா இருக்காம்."

வெளியே வந்ததும் எழில் தாளை மறுபடி பார்த்தான். "அப்ப இது வாயில இருக்க பல்லு இல்லையா?"

"சக்கரத்துல இருக்க பல்லு," என்றாள் பைரோஜா.

ரயில்வே கேட் பக்கத்துக் கடையில் ஒரு மனிதர் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் செயினைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் ஆணியில் பல்சக்கரங்கள் தொங்கின. பெயர் கேட்டதற்கு சங்கிலிமுத்து என்றார். எழில் வாயைத் திறந்தான்.

"எல்லாரும் சொல்லிட்டாக," என்றார் சங்கிலிமுத்து.

எழில் வாயை மூடிக்கொண்டான். இப்படி நடப்பது அபூர்வம்.

தாளைப் பார்த்ததும் தன் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார். நாலு சக்கர வண்டி, குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், நன்றாக நினைவிருக்கிறது. அந்த வகை வண்டி அவர் கைக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

முன்பல், பின்பல் என்றால் என்ன என்று பைரோஜா கேட்டாள். அவர் செயினைக் கீழே வைத்துவிட்டு, ஆணியிலிருந்து சின்னதும் பெரியதுமாக இரண்டு சக்கரத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இஞ்சின் பக்கம் இருக்க சின்னது முன்பல்லு. பின்சக்கரத்துல இருக்க பெருசு பின்பல்லு. நடுவுல செயினு. முன்னால பல்லைக் குறைச்சா வண்டி இழுக்கும், ஓடாது. பின்னால பல்லைக் கூட்டுனாலும் அதேதான். பல்லைக் கூட்டுங்கன்னு மொட்டையா வந்து நிப்பாக. எந்தப் பல்லைங்க? முன்னால கூட்டுனா பறக்கும், பின்னால கூட்டுனா இழுக்கும். நேர் எதிரு. அதனால நான் பல்லைப் பத்தி யாரையும் கேக்கவே மாட்டேன். லோடு எம்புட்டு, பாதை எப்பிடி, அவசரமா இல்லையா. இந்த மூணுந்தான் கேப்பேன். பல்லு நான் பாத்துக்கிருவேன்."

"இந்த வண்டிக்கு என்ன சொன்னாக?"

"லோடு நானூறு கிலோ. ஈரக் கரிசல். அவசரம் இல்லை."

எழில் மெதுவாகச் சொன்னான், நண்டு தினமும் போவது சரளை ரோடு என்று. இழுப்பது சங்குசக்கரமும் கம்பி மத்தாப்பும் அடைத்த அட்டைப்பெட்டி. டிரெய்லர் கொள்ளுமட்டும் அடுக்கினாலும் நூற்றைம்பது கிலோ வராது.

"அதுக்கு எதுக்குப் பல்லை மாத்தணும்?" என்றார் சங்கிலிமுத்து. "கம்பெனியில இருந்து வந்ததே போதுமே. பதினாலு, முப்பத்தஞ்சு. நான் முன்னால ரெண்டு பல்லு குறைச்சு, பின்னால அஞ்சு கூட்டுனேன். செயின்ல ரெண்டு கண்ணி சேத்தேன். முன்னால ஒரு பல்லு குறைக்கிறது பின்னால மூணு பல்லு கூட்டுறதுக்குச் சமம்னு வச்சுக்கங்க. சேத்துல முங்குன மாட்டு வண்டியக்கூட இழுத்துரும்."

அடுத்த கேள்வியை பைரோஜா நிதானமாகக் கேட்டாள். அந்த வண்டியில் மீட்டருக்கு வயர் எங்கிருந்து வருகிறது?

"இஞ்சின் பக்கத்துல இருந்துதான். சக்கரம் சுத்துறது அதுக்குத் தெரியாது. முன்பல்லு சுத்துறதத்தான் எண்ணும். பல்லை மாத்தியாச்சுல்ல, இப்ப அதே தூரத்துக்கு முன்பல்லு கூடச் சுத்தணும். மூணு கிலோமீட்டர் போனா மீட்டர் நாலுங்கும். கொண்டு வந்தவர்ட்டயும் சொன்னேன், மீட்டர் முந்தி ஓடும்னு. 'அது நல்லதுதான்'னாரு. மீட்டர் கூட ஓடுறதை நல்லதுன்னு சொன்னது, ஆட்டோக்காரகளுக்கு அப்புறம் அவர் ஒருத்தர்தான்."

எழில் உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டான். மூன்றுக்கு நாலு என்றால் இருபத்துநாலுக்கு முப்பத்திரண்டு. அந்தப் பெண் ஒரு அடிகூட வழி மாறிப் போகவில்லை. அந்தக் கையை பைரோஜாவிடம் நீட்டிக் காட்டினான்.

வந்தவர் எப்படி இருப்பார் என்று பைரோஜா கேட்டாள். மூஞ்சியைப் பார்க்கிற பழக்கம் இல்லை, சக்கரத்தைத்தான் பார்ப்பேன் என்றார் சங்கிலிமுத்து. பேரும் கேட்கவில்லை.

"ஆனா பழசைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. இந்தப் பக்கம் எல்லாரும் கேக்கிறதுதான், குடுக்கலைன்னா நான் வேற வண்டிக்கு மாட்டி வித்துருவேன்னு நினைப்பு. பின்பல்லுல ஒண்ணு மூளி, எதுக்கும் ஆகாதுன்னேன். கனமா இருக்கு, எதுக்காவது ஆகும்னு எடுத்துட்டுப் போயிட்டாரு."

எழில் சட்டென்று நிமிர்ந்தான். பைரோஜா அவன் காலை மிதித்தாள்.

இருவரும் ஏழாயிரம்பண்ணைக்குத் திரும்பும்போது மணி நாலு. எழில் வழியெல்லாம் பேசவில்லை. மிதிபட்ட கால் வலித்தது ஒரு காரணம்.

தங்கப்பாண்டியனிடம் பைரோஜா ஒரு உதவி கேட்டாள். இசைவாணி ஓட்ட, முதலாளி டிரெய்லரில் உட்கார்ந்து, குடோன் வரைக்கும் ஒரு நடை போய்த் திரும்பி வர வேண்டும். கதிரவன் அதெல்லாம் முறையல்ல என்றார். தங்கப்பாண்டியன் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை டிரெய்லரில் தூக்கி வைக்கச் சொன்னார்.

கிளம்பும்போது மீட்டர் 16412. பேக்கிங் செட்டில் எல்லோரும் கையில் இருந்த பெட்டியோடு எழுந்து நின்று பார்த்தார்கள். முதலாளி நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்தபடி, ஊர்வலத்துக்குத் தனியாக வந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி போனார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அவ்வளவு ஆசையாக இருந்தும் சிரிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது நண்டு. தங்கப்பாண்டியன் தலையிலும் கண்ணாடியிலும் செம்மண். இறங்கி, குனிந்து, மீட்டரைப் பார்த்தார். 16420.

"மூணும் மூணும் ஆறுதானே," என்றார், யாரிடம் என்றில்லாமல். "நானே சங்கிலி பிடிச்சு அளந்து போட்ட ரோடாச்சே. எட்டுங்குது."

ஆபீஸ் அறைக்குள் மறுபடி அதே நாலு பேர். வாசலில் இசைவாணி, உள்ளே வரச் சொல்லாததால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பல், பின்பல், திருத்தங்கல் செயின் கடை என்று பைரோஜா சுருக்கமாகச் சொன்னாள். மீட்டர் மூன்றை நாலு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, அந்த எட்டு கிலோமீட்டர் எங்கேயும் நடக்கவில்லை.

கதிரவன் அதிர்ச்சியை நன்றாகவே காட்டினார். பாவம் அந்தப் பெண் என்றார். தனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாததால் வந்த வினை என்றார்.

"தெரியாமப் போட்ட கணக்குன்னாலும் திங்கட்கிழமைக் கணக்கு உதவியா இருந்துச்சு," என்றாள் பைரோஜா. "நாற்பத்தெட்டு. மீட்டர் பொய்யைக் கழிச்சா முப்பத்தாறு. இசைவாணியோட நாலு நடைக்கு இருபத்திநாலு. மிச்சம் பன்னிரண்டு. இந்தப் பொண்ணு மீட்டரைச் சாயங்காலம்தான் எழுதுறா. அதனால சனிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் வண்டி எங்க போனாலும் அது திங்கட்கிழமைக் கணக்குலதான் விழும். பின்வாசல் வழியாக் கரிசல்ல போனா செட்டுக்கு ஆறு. போக வரப் பன்னிரண்டு. ஞாயித்துக்கிழமை வண்டிச் சாவி யார்ட்ட இருக்கும் அண்ணாச்சி?"

தங்கப்பாண்டியன் தலையைத் திருப்பிக் கதிரவனைப் பார்த்தார்.

சாவி தன் மேசையில் இருக்கும், ஆனால் மேசைக்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றார் கதிரவன். வண்டியைச் செயின் கடைக்கு அனுப்பியதும் தான் இல்லை. அந்தக் கடைக்காரரைக் கூட்டி வாருங்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். குரல் உயரவே இல்லை. சங்கிலிமுத்து முகத்தைப் பார்க்காதவர் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"அவர் முகத்தைப் பார்க்கிறதில்லையாம்," என்றாள் பைரோஜா. "எழில், அந்தப் பிள்ளையாரை எண்ணு."

எழில் பேப்பர் வெயிட்டை எடுத்தான். காற்றாடிக் காற்றில் புகார்க் காகிதம் எழும்பியது. இந்தத் தடவை கதிரவனின் கை அதை அமுக்க வரவில்லை. காகிதம் மேசையைத் தாண்டி, தரையில் சறுக்கி, பீரோவுக்கு அடியில் போய் ஒதுங்கியது. எடுக்க யாரும் குனியவில்லை.

"முப்பத்தஞ்சு," என்றான் எழில். பிள்ளையார் படத்தின் ஓரத்தை நகத்தால் பெயர்த்து, படத்தை மரியாதையாக உரித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நடுவில் அச்சு நுழைகிற பெரிய ஓட்டை தெரிந்தது. அதைச் சுற்றி போல்ட் முடுக்குகிற நாலு ஓட்டை. "ஒண்ணு மூளி."

பைரோஜா அந்த மருத்துவமனைத் தாளை எடுத்து முதலாளியின் முன்னால் விரித்து வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். பழசு கையில் குடுத்தாச்சு.

ஈரக் கரிசலில் நானூறு கிலோ மருந்தை இழுக்கப் பல்லை மாற்றிய மனிதர், பிடிபட்டால் பழி போட மீட்டர் உதவும் என்று அப்போதே புரிந்துகொண்ட மனிதர், பழைய இரும்பை ஒரு கிணற்றில் வீசியிருந்தால் இன்று பைரோஜாவின் கையில் ஒன்றும் இருந்திருக்காது. அதை வீச அவருக்கு மனசு வரவில்லை.

"ஏன்டா கதிரவா," என்றார் தங்கப்பாண்டியன். "இதை எதுக்குடா இங்கன கொண்டாந்து வச்ச?"

கதிரவன் அந்தப் பச்சைச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பேசினார். அன்றைய நாளில் அவர் சொன்னதிலேயே அதுதான் முழு உண்மை.

"ரெண்டு வருசமா ஒரு பேப்பர் வெயிட் வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன் முதலாளி. வாங்கிக் குடுத்தீகளா?"

சரியாக ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. தங்கப்பாண்டியன் புதுத் தாள் எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். டைப் செய்ய ஆள் இல்லை, டைப் செய்கிறவர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். சங்கிலிமுத்துவின் முகவரியைக் கேட்ட இன்ஸ்பெக்டருக்கு, அந்தத் தாளின் அச்சுப் பக்கத்தையும் படித்துக் காட்டினான் எழில். இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

ஜீப் போன பிறகு தங்கப்பாண்டியன் வெளியே வந்தார். இசைவாணி நண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். டிரெய்லரில் இன்னும் அந்தச் சிவப்பு நாற்காலி இருந்தது. அவர் அதை இறக்கிக் கீழே வைத்தார். குனிந்து, நண்டின் பின்பல்லையும் செயினையும் பார்த்தார்.

"பழைய பல்லையே மாட்டச் சொல்லிருவமா தாயி? மூளி இருக்கு. புதுசா வாங்கிருவோம். பதினாலு, முப்பத்தஞ்சு. ஓட்டமும் பழைய மாதிரி வந்துரும்."

இசைவாணி யோசித்தாள். இரண்டு வருடத்தில் அந்த வண்டிக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"முன்னால பதிமூணு போதும் முதலாளி. பின்னால முப்பத்தஞ்சே இருக்கட்டும். மேட்டுலயும் இழுக்கும், ஓட்டமும் குறையாது." பேக்கிங் செட்டைப் பார்த்துக் கை அசைத்தாள். பெட்டிகள் வரிசையாக டிரெய்லரில் ஏற ஆரம்பித்தன. காலையிலிருந்து ஒரு பெட்டிகூடப் போகவில்லை, குடோனில் லாரி காத்திருக்கும்.

கடைசிப் பெட்டி ஏறியதும் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். பிறகுதான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"மூணு நாளா மீட்டரைக் கேட்டீக முதலாளி. என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே."

தங்கப்பாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நண்டு கேட்டைத் தாண்டி, சரளை ரோட்டில் திரும்பி, சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.